தீர்மான எண்ணுக்குப் பின்னால்

(பொதுமேடைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்னை ரிப்பன் மாளிகையில் மாமன்றக் கூட்டம் நடந்தால், மறுநாள் செய்தித்தாளில் பெரும்பாலும் இரண்டு செய்திகள் வரும். எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் வெளிநடப்பு செய்தார்கள் என்பது ஒன்று. இரண்டு உறுப்பினர்களுக்கு இடையே காரசாரமான வாக்குவாதம் என்பது இன்னொன்று. அதே கூட்டத்தில் பல பத்துத் தீர்மானங்கள் நிறைவேறியிருக்கும். எந்தத் தெருவுக்கு மழைநீர் வடிகால், எந்தப் பள்ளிக்குப் புதிய கழிப்பறை, பூங்காவைப் பராமரிக்கும் பொறுப்பு யாருக்கு, எந்த மண்டலத்தின் குப்பையை யார் அள்ளுவது என்று ஊரின் அடுத்த பல ஆண்டுகளைக் கட்டிப்போடும் விஷயங்கள் அவற்றில் இருக்கும். அவை ஒரு வரிச் செய்தியாகக்கூட வராமல் போவதுண்டு.

இன்றைய பேச்சு, செய்தியில் வராத அந்தப் பகுதியைப் பற்றியது. ஒரு மாநகராட்சி அன்றாடம் எப்படி முடிவெடுக்கிறது? அந்த முடிவு உண்மையில் எந்த மேசையில் உருவாகிறது? தெருவில் குடியிருப்பவர் அதில் எந்த இடத்தில் தலையிட்டால் பலன் கிடைக்கும்? இந்த மூன்று கேள்விகளுக்கும் சென்னை மாநகராட்சியின் நடைமுறையிலும் அதன் வரலாற்றிலும் தெளிவான விடைகள் இருக்கின்றன.

மாமன்றக் கூட்டம் திருக்குறளோடு தொடங்குகிறது. அங்கியும் சங்கிலியும் அணிந்து மேயர் தலைமை வகிக்கிறார். அருகில் துணை மேயரும் ஆணையரும் அமர்ந்திருப்பார்கள். முதலில் கேள்வி நேரம், பிறகு நேரமில்லா நேரம். கவுன்சிலர்கள் தங்கள் வார்டின் தெருவிளக்கு, கால்வாய் அடைப்பு, மாடு தொல்லை, மயானக் கூரை என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். கூடத்தில் உயிரோட்டம் இருப்பது இந்த நேரத்தில்தான். இதெல்லாம் முடிந்த பிறகு தீர்மானங்களுக்கு வருகிறார்கள். பொருள் எண் வாசிக்கப்படுகிறது. உறுப்பினர்கள் மேசையைத் தட்டுகிறார்கள். நிறைவேறியது என்று அறிவிக்கப்படுகிறது. அடுத்த எண். கோடிக்கணக்கான ரூபாய் செலவுள்ள பொருள்கூட விவாதமே இல்லாமல் சில நொடிகளில் கடந்துவிடும்.

இதைப் பார்க்கும் எவருக்கும் கோபம் வருவது இயல்பு. ஆனால் அந்தச் சில நொடிகளை மட்டும் குறை சொல்வதில் பயனில்லை. தீர்மானம் கூடத்துக்கு வரும்போது முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. மாமன்றம் பெரும்பாலும் அதைப் பதிவுதான் செய்கிறது. முடிவெடுத்தவர்கள் பல மாதங்களுக்கு முன்பே, வேறு இடங்களில், வேறு தாள்களில் எழுதி முடித்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் நிற்க வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது.

எப்படி என்று பார்க்க, ஒரு வார்டில் ஒரு உட்புறச் சாலை போடப்படும் கதையை எடுத்துக்கொள்ளலாம்.

தெரு குண்டும் குழியுமாகிவிட்டது. குடியிருப்போர் கவுன்சிலரிடம் மனு கொடுக்கிறார்கள், அல்லது 1913 என்ற உதவி எண்ணில் புகார் பதிவு செய்கிறார்கள். வார்டு உதவிப் பொறியாளர் வந்து பார்க்கிறார். டேப் பிடித்து நீளமும் அகலமும் அளக்கிறார். பிறகு மதிப்பீடு தயாரிக்கிறார். அலுவலகத்தில் எல்லோரும் எஸ்டிமேட் என்று சொல்வது இதைத்தான். ஜல்லி, தார், கூலி, இயந்திர வாடகை என ஒவ்வொன்றுக்கும் அரசு நிர்ணயித்த விலை விகிதப் பட்டியல் இருக்கிறது. அதை வைத்துத் தொகை போடப்படுகிறது. மதிப்பீடு மண்டலத்தின் செயற்பொறியாளருக்குப் போகிறது. தொகையைப் பொறுத்து மேலே மேற்பார்வைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் வரை போய்த் தொழில்நுட்ப ஒப்புதல் பெறுகிறது. இன்னொரு பக்கம் நிர்வாக ஒப்புதல். சிறிய தொகை என்றால் அதிகாரி மட்டத்திலோ மண்டலக் குழுவிலோ முடிந்துவிடும். பெரிய தொகை நிலைக்குழு வழியாக மாமன்றத்துக்கு வரும்.

அடுத்தது ஒப்பந்தப்புள்ளி. இதற்குத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம், 1998 இருக்கிறது. 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்ட பணிக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்று அதன் விதிகள் சொல்கின்றன. விலைப்புள்ளிகள் திறக்கப்பட்டு, ஒப்பிடப்பட்டு, பணி ஆணை வழங்கப்படுகிறது. வேலை முடிந்ததும் உதவிப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், கனம் என்று எழுதுகிறார். எம்-புக் என்ற பெயரில் எல்லா ஒப்பந்ததாரருக்கும் பழக்கமான புத்தகம் இது. அதில் எழுதியதை மேலதிகாரி சரிபார்த்த பிறகே பில் பாஸாகும்.

இந்த நீண்ட வரிசையில் ஊர்க்காரருக்கு முக்கியமான ஒரு வரி எங்கே இருக்கிறது? மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறது. பழைய தார் மட்டத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கே புதிய தார் போட வேண்டும் என்பது விதி. மில்லிங் என்று மக்களே இப்போது சரளமாகச் சொல்கிறார்கள். 2021-இல் தமிழ்நாடு தலைமைச் செயலாளர் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றச் சொல்லி அறிவுறுத்தல் அனுப்பினார். அந்த வேலை மதிப்பீட்டில் இல்லையென்றால், அல்லது இருந்தும் செய்யாமல் விட்டால், சாலை ஒவ்வொரு முறையும் சில அங்குலம் உயர்கிறது. சென்னையின் பழைய குடியிருப்புகளில் நடந்து பார்த்தால் இதன் விளைவு கண்ணெதிரே தெரியும். ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீட்டுக்குள் இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. வாசலில் செங்கல் வைத்துச் சிமென்ட் பூசி வரப்பு கட்டியிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வரப்பைத் தாண்டித் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிடும். சாலை போட்ட தீர்மானத்தில் ‘இந்தத் தெருவின் வீடுகளைத் தாழ்த்துவது’ என்று எழுதியிருக்காது. ஆனால் அதுதான் நடந்தது. அந்தத் தீர்மானத்தின் மீது மாமன்றத்தில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்திருந்தாலும் இது மாறியிருக்காது. உதவிப் பொறியாளர் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தபோது யாராவது ஒருவர், “சுரண்டுறதுக்கும் சேர்த்து எஸ்டிமேட் போட்டிருக்கீங்களா சார்?” என்று கேட்டிருந்தால் மாறியிருக்கக்கூடும்.

அன்றாட நிர்வாகத்தின் இயல்பே இதுதான். பெரிய விளைவுகள் சிறிய தாள்களிலிருந்து வருகின்றன. இதற்குச் சென்னை மாநகராட்சியின் வரலாற்றில் மறக்கக் கூடாத ஒரு சான்று இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16. அன்றைய சென்னை மாநகராட்சி மன்றத்தின் கூட்டம். தலைமை வகித்தவர் சர் பிட்டி தியாகராயர். மேயர் என்ற பதவி அப்போது இல்லை. மன்றத்தின் தலைவர் என்றுதான் பெயர். அன்றைய பொருள்களில் ஒன்று, ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியைப் பற்றியது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கலாம், ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவு போகக் கூடாது என்பதுதான் தீர்மானம். அந்தப் பள்ளியில் படிப்பவர்கள் மிகவும் ஏழைப் பிள்ளைகள், அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையே பாதிக்கப்படுகிறது என்று தலைவர் விளக்கினார். மன்றம் ஒப்புக்கொண்டது.

ஒரு நகரம், ஒரு பள்ளி, ஓர் அணா. அன்று அந்தப் பொருளைப் படித்த எவரும் அதை வரலாறு என்று நினைத்திருக்க மாட்டார்கள். திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது. அந்த ஐந்து பள்ளிகளில் 1922-23-இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை, 1924-25-இல் 1,671 ஆக உயர்ந்தது. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேல்.

பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இந்தச் செலவைச் செய்யக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொல்லிவிட்டது. 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றது. பிள்ளைகளுக்கு உணவு தேவையில்லை என்று யாரும் வாதாடவில்லை. திட்டம் தோற்றுவிட்டது என்றும் யாரும் சொல்லவில்லை. எண்ணிக்கை கண்முன்னே இருந்தது. எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்ற கேள்வி ஒன்றே அதை நிறுத்தப் போதுமானதாக இருந்தது. ஒரு தீர்மானம் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்தது. ஒரு கணக்குக் குறிப்பு அவர்களின் தட்டை எடுத்துவிட்டது. பின்னாளில் மாநகராட்சி அதை மீண்டும் தொடங்கியது. 1950-களில் காமராசரின் மதிய உணவுத் திட்டம், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம், 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் என்று அந்தப் பாதை நீண்டது. இவை எல்லாவற்றுக்கும் முன்னோடியாக நிற்பது ஒரு நகர மன்றத்தின் வழக்கமான கூட்டத்தில் நிறைவேறிய ஒரு பொருள்.

நகர மன்றத்துக்கு அன்று இருந்த துணிவு எங்கிருந்து வந்தது? தன் கையில் பள்ளி இருந்தது, நிதி இருந்தது, முடிவெடுக்கும் அதிகாரம் ஓரளவாவது இருந்தது. இன்று அந்த இடம் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைப் பார்க்க, முதலில் தொடக்கத்துக்குப் போக வேண்டும்.

சென்னை மாநகராட்சி 1687 டிசம்பரில் வழங்கப்பட்ட சாசனத்தின் பேரில் 1688 செப்டம்பர் 29-இல் தொடங்கியது. மேயரும் 12 ஆல்டர்மென்களும் கொண்ட அமைப்பு. அதைத் தொடங்க நினைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் கணக்கு எளிமையானது: ஊர்ப் பெரியவர்களையும் உள்ளே உட்காரவைத்து வரி போட்டால் ஊர் மறுக்காமல் கட்டும். வரி வாங்குபவர் கணக்குச் சொல்ல வேண்டும், கட்டுபவருக்கு இடம் இருக்க வேண்டும் என்ற உறவு இந்த நகரத்தில் அன்றே தொடங்கிவிட்டது. 1882-இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சி பற்றிய புகழ்பெற்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 1913-இல் கட்டி முடிக்கப்பட்ட மாநகராட்சிக் கட்டடத்துக்கு அவர் பெயரே நிலைத்தது. 1933-இல் மேயர் பதவி மீண்டும் வந்தது. அப்படி மீண்டும் வந்த பதவியில் முதல் மேயர் ராஜா சர் முத்தையா செட்டியார். 1939-இல் மேயரான சத்தியமூர்த்தி, நகரத்தின் குடிநீருக்காகப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிகோலினார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1940-இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1944-இல் அது நிறைவேறியது. அணை திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. இன்று அது சத்தியமூர்த்தி சாகர்.

அப்படி ஒரு நகர மன்றம் தன் தண்ணீரைத் தானே தேடிப் போன ஊர் இது. ஆனால் 1978-இல் தனிச் சட்டத்தின் மூலம் சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் அகற்று வாரியம் உருவானது. குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மாநகராட்சியிடமிருந்து வாரியத்துக்குப் போயின. குடிசை மாற்று வாரியம் 1970-இலேயே வந்திருந்தது. பெரிய கட்டடங்களின் அனுமதி சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. கையில். மின்கம்பி மின்வாரியத்திடம். போக்குவரத்து காவல் துறையிடம். எல்லாவற்றுக்கும் காரணம் இருந்தது. தனி அமைப்புகள் தொழில்நுட்பத் திறனோடு வேலை செய்யும் என்பது அன்றைய நம்பிக்கை. ஆனால் இந்தப் பிரிப்பின் விளைவை ஒவ்வொரு தெருவும் அனுபவிக்கிறது. மாநகராட்சி சாலை போட்ட சில மாதங்களில் குடிநீர் வாரியம் குழாய்க்குத் தோண்டும். அது மூடிய பிறகு கேபிளுக்காக இன்னொருவர் தோண்டுவார். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது சாலை வெட்டுக்குத் தடை போடுவது மாநகராட்சிக்கு ஆண்டுதோறும் வேலையாகிவிட்டது.

விடியற்காலையில் கவுன்சிலர் வீட்டு வாசலுக்குக் காலிக் குடத்தோடு வருபவர்களுக்கு இந்தப் பிரிவினை எதுவும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர்கள் ஓட்டுப் போட்டது அந்தக் கவுன்சிலருக்கு. “தண்ணி வரலைங்க” என்றால் அவர் குடிநீர் வாரியப் பொறியாளருக்குப் போன் செய்யலாம், கெஞ்சலாம், மாமன்றத்தில் பேசலாம். உத்தரவிட முடியாது. 2023 வரை கவுன்சிலர்களுக்குக் கூட்டப்படி தவிர மாத மதிப்பூதியம்கூட இல்லை. அந்த ஆண்டு முதல் மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய், துணை மேயருக்கு 15,000, மேயருக்கு 30,000 என்று அரசு அறிவித்தது. வார்டு மேம்பாட்டு நிதியும் உயர்ந்துவருகிறது: 2022-இல் சென்னைக் கவுன்சிலர் ஒருவருக்கு 35 லட்சம் ரூபாய், 2025-இல் 60 லட்சம். ஒரு வார்டின் ஓராண்டுத் தேவைக்கு முன்னால் இது சிறிய தொகைதான். ஆனாலும் இந்தப் பணம் எந்தெந்த வேலைக்குப் போகிறது என்று வார்டில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதிகாரம் எங்கே இருக்கிறது என்பதற்குச் சொத்து வரியைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. சென்னையின் பழைய பகுதிகளில் 1998-க்குப் பிறகு பல ஆண்டுகள் சொத்து வரி திருத்தப்படவே இல்லை. வாடகை பல மடங்கு ஏறியது, மனை விலை ஏறியது, குப்பை அள்ளும் செலவு ஏறியது. வரி மட்டும் நின்ற இடத்தில் நின்றது. காரணம் எல்லோருக்கும் தெரியும்: உயர்த்தும் கையெழுத்தைப் போட யாருக்கும் மனம் வரவில்லை. 2018-இல், மாமன்றமே இல்லாத காலத்தில், வரி உயர்த்தப்பட்டது. உள்ளாட்சித் தேர்தல் பேச்சு வந்த 2019 நவம்பரில் அது நிறுத்திவைக்கப்பட்டது. உயர்த்தியதும் அரசின் முடிவு, நிறுத்தியதும் அரசின் முடிவு. பிறகு 2022 ஏப்ரல். 15-ஆவது நிதிக்குழுவின் மானியம் வேண்டுமானால் சொத்து வரியைச் சீரமைத்தாக வேண்டும் என்ற நிபந்தனையைக் காட்டி அரசு உயர்வை அறிவித்தது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையிலான வீடுகளுக்கு 50 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 150 சதவீதம். 2011-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட பகுதிகளில் 25 முதல் 100 சதவீதம் வரை. மாமன்றம் அதைத் தீர்மானமாக நிறைவேற்றியது.

அந்த உயர்வு நியாயமா, இல்லையா என்பது வேறு விவாதம். சிறிய வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் விதித்தது சரியான திசை என்றே சொல்ல வேண்டும். ஆனால் வரியைப் போடுபவர் ஓரிடத்திலும், வரிக்குப் பதில் சொல்பவர் இன்னோரிடத்திலும் இருந்தால், ‘எங்கள் வரி எதற்குச் செலவாகிறது’ என்ற கேள்வி வீதியிலேயே நின்றுவிடுகிறது. மாமன்றத்துக்குள் வருவதில்லை.

மாமன்றம் இல்லாத காலம் என்று சொன்னோம். அது சின்னக் காலம் இல்லை. 1973-இல் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். 23 ஆண்டுகள். அதற்குப் பின் 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, இடஒதுக்கீட்டு அறிவிக்கையில் இருந்த குறைகளுக்காக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 பிப்ரவரி 19-இல்தான் வாக்குப்பதிவு நடந்தது. 1973-க்கும் 2022-க்கும் இடைப்பட்ட 49 ஆண்டுகளில் ஏறத்தாழ 28 ஆண்டுகள் இந்த நகரத்துக்கு மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை. அந்தக் காலத்திலும் தீர்மானங்கள் நிறைவேறின. தனி அலுவலர் என்ற பெயரில் ஒரே அதிகாரி பொருளை முன்வைத்து, அவரே ஒப்புதலும் கொடுத்தார். எதிர்த்துக் கேட்க ஒரு குரல்கூட இல்லை. திறமையான ஆணையர்கள் பலர் அப்போது நல்ல வேலை செய்தார்கள் என்பது உண்மை. நல்ல அதிகாரி இருந்தால் நல்லது நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது என்ற நிலையில் இத்தனை பெரிய நகரத்தை விட்டுவைப்பது ஆட்சிமுறை ஆகாது.

இத்தனைக்கும் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம், நகர மன்றத்தின் காலம் ஐந்தாண்டு என்றும், கலைத்தால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பன்னிரண்டாம் அட்டவணையில் 18 துறைகளைப் பட்டியலிட்டு, இவற்றை நகர அமைப்புகளுக்குக் கொடுக்கலாம் என்கிறது. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள ஊர்களில் வார்டு குழுக்கள் அமைக்க வேண்டும் என்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் மாநில அரசுகளின் கையில் விடப்பட்டதால், எந்தக் கட்சி ஆண்டாலும் பெரும்பாலும் கைகள் திறக்கவில்லை.

மன்றம் இருந்தும் முடிவு தொலைவில் எடுக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதை 2025 ஆகஸ்டில் சென்னை பார்த்தது. ராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய இரண்டு மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் தீர்மானம் மாமன்றத்தில் நிறைவேறியிருந்தது. வேறு பல மண்டலங்களில் அது முன்பே நடந்துவிட்டதால், தாளில் அது இன்னொரு வழக்கமான பொருளாகவே தெரிந்தது. அந்த மண்டலங்களின் தெருக்களை ஆண்டுக்கணக்கில் பெருக்கியவர்களுக்கு அது வேலையையும் சம்பளத்தையும் பற்றிய கேள்வி. ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர்கள் ரிப்பன் மாளிகையின் வாசலில் வந்து அமர்ந்தார்கள். பெரும்பாலானோர் பெண்கள். வெயிலிலும் மழையிலும் நடைபாதையிலேயே உண்டு உறங்கினார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல் துறை அவர்களை அங்கிருந்து அகற்றியது. வழக்கு அதற்கு முன்பே உயர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தது.

தனியார்மயம் வேண்டுமா, வேண்டாமா என்பதில் இருவேறு கருத்துகள் இருக்கலாம். ஒரு கேள்வியை மட்டும் யாரும் தவிர்க்க முடியாது. அந்தப் பொருள் மாமன்றத்துக்கு வரும் முன்பு, அதனால் வாழ்க்கை மாறப்போகிறவர்களோடு உட்கார்ந்து பேசும் ஓர் இடம் நகராட்சி முறைக்குள் இருந்திருந்தால், வாசலில் அந்த நாட்கள் தேவைப்பட்டிருக்குமா? உள்ளே பேச இடமில்லாதவர்கள்தான் வாசலில் உட்காருகிறார்கள்.

அப்படி ஓர் இடம் இப்போது சட்டத்தில் இருக்கிறது. வார்டு குழுவுக்கும், ஏரியா சபை என்று மக்கள் சொல்லும் பகுதி சபாவுக்கும் தமிழ்நாடு அரசு 2022-இல் விதிகளை வெளியிட்டது. பல ஆண்டுகளாக இதற்காகக் குரல் கொடுத்த தன்னாட்சி போன்ற குடிமக்கள் இயக்கங்களுக்கு அதில் பங்கு உண்டு. சென்னையில் 200 வார்டுகள். ஒரு வார்டு பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பகுதியின் வாக்காளர்கள் எல்லோரும் சபாவின் உறுப்பினர்கள். முதல் சுற்றுக் கூட்டங்கள் 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார்.

கிராமசபையைப் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டுக்கு இது புதிதான யோசனை இல்லை. நகரத்தில் மட்டும் மக்கள் கூடிப் பேசும் சட்டபூர்வமான அவை இல்லாமல் இருந்தது. கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுத்து, நகர வார்டுகளிலும் மக்களைக் கூட்டித் திட்டம் போடச் சொன்னது. புனே மாநகராட்சி 2006 முதல், பட்ஜெட்டுக்கு முன்பே குடிமக்களிடம் வார்டு வேலைகளுக்கான யோசனைகளைப் படிவத்தில் கேட்டு வாங்குகிறது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இலேயே இந்த வழியைக் காட்டியது. இந்த மூன்று இடங்களிலும் பொதுவான ஒன்று உண்டு: பணம் ஒதுக்கப்படுவதற்கு முன்பே மக்களின் பேச்சு தொடங்குகிறது.

சென்னையின் பகுதி சபாக்களுக்குக் குறை அங்கேதான். கூட்டம் நடக்கும் தேதி பலருக்குத் தெரிவதில்லை. நடந்தால், பொறியாளர்களிடம் புகார் சொல்லும் கூட்டமாக அது முடிந்துவிடுகிறது. புகார் சொல்வதில் தவறில்லை. அடைபட்ட கால்வாயைப் பற்றிப் பேசாமல் எதைப் பேசுவது? ஆனால் அடுத்த நிதியாண்டில் இந்தப் பகுதிக்கு எந்தெந்த வேலைக்கு மதிப்பீடு போட்டிருக்கிறீர்கள் என்ற கேள்வி எழாதவரை, சபா மனு வாங்கும் இடமாகவே இருக்கும். சபாவில் பதிவான கோரிக்கை எந்தக் கோப்பாக மாறியது, அது எந்த மேசையில் நிற்கிறது என்று அடுத்த கூட்டத்தில் எழுத்தில் சொல்ல வேண்டிய கட்டாயமும் வர வேண்டும்.

மாநகராட்சி செய்ய வேண்டியவை மூன்று. மாமன்றப் பொருள்களின் முழுக் குறிப்பையும் தமிழில், கூட்டத்துக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே பொதுமக்களுக்கு வெளியிட வேண்டும். ஒவ்வொரு வேலையின் மதிப்பீட்டுச் சுருக்கமும், ஒப்பந்ததாரர் பெயரும், முடிக்க வேண்டிய தேதியும் வேலை நடக்கும் தெருவிலேயே பலகையில் இருக்க வேண்டும். குடிநீர் வாரியமும் மின்வாரியமும் அந்த வார்டில் அடுத்த ஓராண்டில் எங்கே தோண்டப்போகின்றன என்பதை வார்டு குழுவின் முன் வைக்க வேண்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெரிய செலவும் இல்லை.

மாநகராட்சி செய்யும்வரை குடிமக்கள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் எழுதும் மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால், உங்கள் தெருவின் மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தின் நகலையும் கேட்கலாம். வேலையை நேரில் ஆய்வு செய்யவும், போட்ட பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் அதே சட்டம் உரிமை தருகிறது. தெருவுக்கு ஒருவர் இதைச் செய்தால் போதும். அடுத்த முறை அந்தத் தெருவுக்கு மதிப்பீடு எழுதும் கை கவனமாக எழுதும். அந்த வார்டின் கவுன்சிலருக்கும் அது பலம்தான். கேள்வி கேட்கும் தெரு பின்னால் நிற்கும்போதுதான் ஒரு கவுன்சிலரால் மாமன்றத்தில் எழுந்து, “இந்தப் பொருளை விவாதிக்காமல் நிறைவேற்றக் கூடாது” என்று சொல்ல முடியும்.

இந்த அவையில் இருப்பவர்களில் பலர் சென்னையின் ஏதோ ஒரு வார்டில் வாக்காளர்கள். உங்கள் பகுதி சபாவின் அடுத்த கூட்டம் எந்தத் தேதியில், எந்த இடத்தில் என்று இந்த வாரமே வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். தேதி சொல்லவில்லை என்றால் எழுதிக் கேளுங்கள். கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் அழைத்துக்கொண்டு போங்கள். அங்கே முதல் கேள்வியாக, அடுத்த ஆண்டுக்கு எங்கள் தெருவுக்கு என்ன எஸ்டிமேட் போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.